நைனாவின் கைப்பிடிக் குழாய்

எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு தறி ஆடும். எங்கள் வீட்டில் மட்டும் சாயக் கொப்பரை கொதிக்கும். நைனா பட்டு நூலுக்குச் சாயம் தோய்ப்பவர். பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்த பிறகும், கட்டிலில் உட்கார்ந்தபடியே "செவப்பு இன்னும் ஏறணும், எறக்காதே" என்று அம்மாவை விரட்டுவார். அந்த மிடுக்கெல்லாம் கொல்லைக் கழிப்பறைக்குப் போகும் நேரம் வரைக்கும்தான். அம்மாவும் நானும் ஆளுக்கொரு பக்கம் தாங்கிக் கூட்டிப்போவோம். அவர் வேட்டியை நான் பிடிக்க நேர்ந்த நாளிலிருந்து தண்ணீர் குடிப்பதையே குறைத்துவிட்டார். கல்யாண வயதில் நிற்கும் மகள் முன்னால் என்ன கூச்சம் இருந்திருக்கும்! எனக்குக் கோபம் பற்றிக்கொண்டு வந்தது. அவர்மேல் இல்லை, அந்த வீட்டின்மேல்.

ஊனமுற்றோருக்கு வீட்டைத் திருத்திக் கொடுக்கும் சங்கம் ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டு ஓடினேன். மறுவாரமே ஏனாத்தூர் பக்கமிருந்து சங்கத்து அக்கா ஒருவர் மூன்று சக்கர வண்டியில் வந்து இறங்கினார். இளம்பிள்ளை வாதம் வந்த கால். வாய் மட்டும் தெருக்கோடி வரை கேட்கும். நைனாவை மெல்ல நடக்கவிட்டு, அவர் இடது கை எட்டும் இடங்களில் சாக்பீஸால் கோடு போட்டார்.

"ஒரு பக்கச் சொவத்துல புடிச்சுக்கக் குழாய் வச்சா போதும்" என்றேன் நான், மேதாவிபோல.

"போறப்ப புடிப்பாரு. திரும்பி வர்றப்ப வெளங்காத கையால புடிப்பாரா? நீயே சொல்லும்மா."

அக்கா எதிர்ச் சுவரிலும் கோடு போட்டார். கொல்லைக்குப் போகும் நடையின் இரண்டு பக்கமும் பளபளவென்று எவர்சில்வர் குழாய் வந்தது. கொல்லைப்படி சரிவானது. கழிப்பறையில் நடுவே ஓட்டை போட்ட நாற்காலி ஒன்று ஏறியது. கதவு வெளிப்பக்கம் திறக்கும்படி மாறியது. எனக்குத் தலைகால் புரியவில்லை. தெருவில் போனவர்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினேன்.

அந்த ஆட்டத்துக்கு மறுநாள் காலையிலேயே அடி விழுந்தது. குழாயைத் தடவிப் பார்த்த நைனா, "இன்னா வழவழப்பு! காயப்போடற மூங்கில்ல சிக்கற மாதிரி இதுல நூலு சிக்காதும்மா" என்றார். சாயக்காரர் புத்தி வேறெங்கே போகும்? தோய்த்த பட்டு நூல் கற்றைகளை, சிட்டங்களை, அம்மா அவர் சொன்னபடியே குழாய்மேல் வரிசையாகக் காயப்போட்டாள். எனக்கும் அது அழகாகத்தான் தெரிந்தது. கொஞ்ச நேரம் கழித்து நைனா எழுந்து நடந்தார், இடது கையை நீட்டினார். கைக்கு வந்தது குழாய் இல்லை, ஈரப் பட்டு. சிட்டத்தோடு சேர்ந்து சறுக்கினார். நான் பாய்ந்து இடுப்பைக் கட்டிக்கொண்டதால் தலை தப்பியது.

"இனிமே நான் எழுந்துக்கவே மாட்டேன்" என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார்.

விஷயம் கேட்டு வந்த அக்கா இடுப்பில் கை வைத்து நின்றார். "நைனா, அது குழாயில்ல, உங்க காலு. கால்மேல யாராச்சும் நூலு காயப்போடுவாங்களா?"

 அம்மா விடுவிடுவென்று எழுந்து போய்த் தேங்காய்நார்க் கயிற்றைக் கொண்டுவந்தாள். குழாய் முழுக்க நெருக்கமாகச் சுற்றினாள். "இப்ப போடு பாக்கலாம் பட்டு நூல! பிசிறு பிசிறா அறுந்துபூடும்" என்று சுவருக்குச் சொல்வதுபோல நைனாவுக்குச் சொன்னாள். சொரசொரப்பைக் கண்டால் சாயக்காரர் நூலைக் கிட்டே கொண்டுபோவாரா? மனுஷன் கைக்கோ அதுதான் நல்ல பிடி. அக்கா கைதட்டிச் சிரித்தார். எனக்கு அம்மாவைத் தூக்கிச் சுற்ற வேண்டும்போல இருந்தது.

சாயங்காலம் நைனா தானாகவே எழுந்தார். கயிற்றைப் பிடித்து, பிடித்து, நடையைத் தாண்டினார். சரிவில் இறங்கினார். நாங்கள் மூச்சுவிடாமல் பின்னாலேயே போனோம். கழிப்பறைக்குள் போனவர் கதவைச் சாத்தினார். உள்ளே தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது.

"ஐயோ, தாழ் போடாதீங்க!" என்று அம்மா பதறினாள்.

"பொம்பளைங்களுக்கு இங்க இன்னா வேல? போங்க அந்தாண்ட!"

அவர் அப்படி அதட்டி எத்தனை நாளாகிவிட்டது! அம்மாவும் நானும் வாயைப் பொத்திக்கொண்டு, அழுகையும் சிரிப்புமாக வாசலுக்கு ஓடினோம்.