பத்தாவது லெவலுக்குக் கீழே

இது கதை இல்லை. நடந்தது. சந்தேகம் இருந்தால் ரிச்சர்டைக் கேளுங்கள். அவன் இன்றுவரை அந்த அறைக்குள் தனியாக வருவதில்லை.

ராபர்ட்சன்பேட்டை கடைவீதியில் ஒரு மாடி அறையில் நானும் அவனும் வேலை செய்தோம். மூடிக் கிடக்கும் தங்கச் சுரங்கத்தை விர்ச்சுவல் ரியாலிட்டியில் உருவாக்கும் ஆராய்ச்சி. ஹெட்செட்டை மாட்டினால், ஆட்களை இறக்கும் கேஜில் நின்றபடி சுரங்கத்துக்குள் போகலாம். மீட்புப் படையினரின் பயிற்சிக்காக அரசாங்கம் நிதி ஒதுக்கியிருந்தது. முதல் தவணையில் மேலிருந்து பத்து லெவல், அதாவது சுரங்கத்தின் பத்துத் தளங்கள், முடித்தோம். அதற்குக் கீழே செய்ய இரண்டாம் தவணை வர வேண்டும்.

பதினான்கு மாதமாக வரவில்லை. விடியற்காலை ரயிலைப் பிடித்து பெங்களூரு போவேன். "ஃபைல் மேல போயிருக்கு மேடம்." அடுத்த மாதம் போனால், "ஃபைல் திரும்பி வந்திருக்கு மேடம்." ரிச்சர்ட் பைக்கை விற்றுவிட்டான். எனக்கு அழக்கூடத் தெம்பு இல்லை, எரிச்சல்தான்.

கடைசியில் ஆய்வுக் குழு வருவதாகத் தகவல் வந்தது. வியாழக்கிழமை, காலை பதினொரு மணி.

புதன் மாலை 4.10. கடைசியாக ஒருமுறை சோதிக்க ஹெட்செட்டை மாட்டினேன். ரிச்சர்ட் கம்ப்யூட்டர் திரையில் பார்த்துக்கொண்டிருந்தான்.

கேஜ் இறங்கியது. எட்டு... ஒன்பது... பத்து.

நிற்கவில்லை.

"ரிச்சர்ட், நிறுத்து."

"இன்னாத்த நிறுத்தறது நளினி? பத்துல நின்னுக்கினுதான் கீது."

பாறைச் சுவர் மேலே ஓடிக்கொண்டிருந்தது. நாங்கள் வரையாத பாறை.

சொட்... சொட்... தண்ணீர். நாங்கள் பதிவு செய்யாத சத்தம்.

ஈர மண் வாசனை அடித்தது. ஹெட்செட்டில் வாசனை வராது.

4.16. கேஜ் நின்றது.

யாரோ இருமினார்கள். பக்கத்திலேயே.

"கொஞ்சம் தள்ளும்மா..."

என் தோளை ஒரு தோள் இடித்தது.

கழற்றி எறிந்தேன். ரிச்சர்ட் தன் நாற்காலியில்தான் இருந்தான். என் இடது தோளையே வெறித்துப் பார்த்தான்.

துணி நனைந்திருந்தது. தொட்ட விரலில் சாம்பல் நிறச் சேறு.

ஆறு மணிவரை தேடினோம். பத்தாவது லெவலுக்குக் கீழே எங்கள் புரோகிராமில் எதுவுமே இல்லை.

"நாளைக்கு வராதீங்கன்னு சொல்லிடலாமா?"

"சொன்னா இன்னும் பதினாலு மாசம்டா."

வியாழன். மூன்று பேர் வந்தார்கள். ஆளுக்குப் பத்து நிமிடம் பார்த்தார்கள். மூன்றாமவர் மட்டும் கழற்றியதும் தண்ணீர் கேட்டார்.

"நிதி எப்போ சார் வரும்?"

"லெட்டர் வரும்."

மூன்று வாரத்தில் வந்தது. நின்றபடியே படித்தேன்.

'கீழ் லெவல்கள் ஏற்கெனவே முடிக்கப்பட்டிருப்பதைக் குழு நேரில் கண்டது. எனவே இரண்டாம் தவணை தேவையில்லை. கேஜுக்காகக் காத்திருக்கும் தொழிலாளர்கள் தத்ரூபமாக உள்ளனர். அவர்களில் ஒருவர், எங்களை எப்போது மேலே ஏற்றுவீர்கள் என்று திரும்பத் திரும்பக் கேட்பதை மட்டும் நீக்கலாம்.'

மூன்று முறை மேல்முறையீடு செய்துவிட்டேன். யாரும் நம்பவில்லை.

நாங்கள் ஒரு மனித உருவம்கூடச் செய்யவில்லை. அதற்கான பணம் இரண்டாம் தவணையில்தான் இருந்தது.