நாள் தவறாமல் கழுவிய வண்டி

பந்தல்குடிப் பக்கம் சுந்தரபாண்டி என்று கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியாது. "வெள்ளைப் பிக்கப்பு, பளிச்சுன்னு வச்சிருப்பாருல்ல, அவரு" என்று சொல்லுங்கள், சின்னப்பிள்ளைகூட வீட்டைக் காட்டிவிடும். ஐம்பத்திரண்டு வயது. மனுஷன் சட்டையில் கறை இருக்கும், வண்டியில் இருக்காது.

வண்டி வருவதற்கு முன்னால் அவர் மிளகாய் போட்டுக்கொண்டிருந்தார். மழையை நம்பி நம்பி ஏமாந்து, வீட்டை ஒட்டிய தோட்டத்தில் போர் போட்டார். தண்ணீர் குபுகுபுவென்றுதான் வந்தது. ஒரு வாய் குடித்தவர் தூவென்று துப்பினார், அத்தனை உப்பு. மனசு கேட்காமல் பாய்ச்சியும் பார்த்தார். ஒரே மாதத்தில் செடியெல்லாம் இலை கருகிப் பட்டுப்போயிற்று. அந்த வெறுப்பில்தான் நிலத்தில் பாதியை விற்றுப் பிக்கப் வாங்கினார்.

போர் மட்டும் மிஞ்சியது. குடிக்க லாரித் தண்ணீர், மாடு கழுவ, வண்டி கழுவப் போர்த் தண்ணீர். இந்த வறண்ட காட்டில் எந்த வீட்டிலும் அதுதானே வழக்கம்! விலை கொடுத்து வாங்கிய நல்ல தண்ணீரை வண்டி மேல் ஊற்றுகிறவனை ஊர் சும்மா விடுமா?

நரிக்குடிப் பக்கமிருந்து ஆடு ஏற்றுவார், திருச்சுழிப் பக்கமிருந்து கரிமூட்டை ஏற்றுவார். ஆட்டு மூத்திரம் இரும்பைத் தின்றுவிடும் என்று எவனோ டீக்கடையில் சொன்னது அவர் மண்டையில் ஏறி உட்கார்ந்துகொண்டது. அன்று முதல் ஆடு இறங்கிய கையோடு கழுவல். ஆடு ஏற்றாத நாளிலும் கழுவல். ஹோஸைப் பிடித்துக்கொண்டு வண்டிக்கு அடியில் படுத்து, ஓர் இடுக்கு விடாமல் பீச்சுவார். ஜல்லி தெறித்துப் பெயிண்ட் போகக் கூடாதென்று பழைய டயரை அறுத்துச் சக்கரத்துக்குப் பின்னால் தொங்கவிட்டார். லோடு ஏற்றும் தொட்டியில் தடித்த ரப்பர் பாய் விரித்தார். அடிப்பக்கத்துக்குக் கழிவு ஆயில் பூச்சு வேறு, அதுவும் ஈரம் காய்வதற்குள்.

"பெத்த பிள்ளைய இப்படிக் குளுப்பாட்டியிருந்தா அது கலெக்டரு ஆயிருக்கும்" என்பாள் மனைவி சண்முகவடிவு.

"சோறு போடுற சாமிடி இது" என்பார் இவர்.

பொய்யில்லை. மகளைக் கட்டிக்கொடுத்தது அந்த வண்டிதான். தினமும் உலை கொதிப்பதும் அதனால்தான். அது நின்றுபோனால் இந்த இரண்டு ஜீவனுக்கும் வேறு நாதி கிடையாது.

வண்டிக்கு ஒன்பது வயது முடிந்தது. எஃப்சிக்குக் காட்ட வேண்டிய மாதம் வந்தது. வண்டி ஓடத் தகுதி என்று ஆபீசில் எழுதிக் கொடுத்தால்தான் இனி லோடு ஏற்றலாம். ஓரத்தில் இரண்டு பொட்டுத் துரு தெரிகிறதே, பட்டி பார்த்துப் பெயிண்ட் அடித்துவிடலாம் என்று அருப்புக்கோட்டையில் மணிகண்டனின் டிங்கர் பட்டறையில் கொண்டுபோய் நிறுத்தினார்.

மணிகண்டன் ரப்பர் பாயைத் தூக்கினான். அடியில் தகடு முறுகின தோசை மாதிரி இருந்தது. ஸ்க்ரூடிரைவரால் ஒரு குத்துக் குத்தினான், ஓட்டை வழியே தரை தெரிந்தது. ஜாக்கி வைத்துத் தூக்கி அடியில் நுழைந்தான். ஆயில் பூச்சைச் சுரண்டி, வண்டியையே தாங்கும் சேஸைச் சுத்தியலால் தட்ட, துரு பாளம் பாளமாய் உதிர்ந்தது.

"அண்ணே, கடக்கரைப் பக்கம் உப்பு லோடு அடிக்கிறீகளா?"

"நான் அந்தப் பக்கமே போனதில்லடா. ஆடும் கரியுந்தான்."

"பெறகு எந்தத் தண்ணியில கழுவுறீக?"

"நம்ம போர் தண்ணியிலதான். தெனமும்."

மணிகண்டன் வெளியே வந்து கையைத் துடைத்தான். சொல்லவே அவனுக்குச் சங்கடமாக இருந்தது. "அந்த உப்பு காய்ஞ்சு காய்ஞ்சு உள்ள எறங்கியிருக்குண்ணே. அதுக்கு மேல ஆயில பூசி, பாயையும் போட்டு மூடிட்டீக. கழுவாம விட்டிருந்தாக்கூட இந்தக் காட்டு வெயிலுக்கு இன்னும் பல வருசம் ஓடியிருக்கும்."

செடியைக் கொன்ற தண்ணீர் இரும்பை விட்டுவைக்குமா என்று ஒரு நாள், ஒரே ஒரு நாள், யோசித்திருக்கக் கூடாதா இந்த மனுஷன்! பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை. ஆட்டு மூத்திரத்துக்குப் பயந்து வண்டியை உப்பில் ஊறப்போட்டிருக்கிறார். சுந்தரபாண்டி பட்டறை வாசலிலேயே குத்தவைத்தார்.

"வெல்டு வச்சு ஒட்டிக் குடுடா."

"எதுலண்ணே ஒட்டுறது? வெல்டு பிடிக்க இரும்பு வேணும்ல. பட்டி வச்சு மறைச்சு எஃப்சி வாங்கிரலாம். லோடோட போறப்ப ரெண்டா முறிஞ்சா? அந்தப் பாவத்த நான் செய்ய மாட்டேன்."

இன்னும் இரண்டு பட்டறை ஏறி இறங்கினார். எல்லாரும் அதையேதான் சொன்னார்கள். வீட்டுக்கு வந்து சண்முகவடிவிடம் சொன்னபோது அவள் திட்டவில்லை. "நானுந்தானங்க தெனமும் மோட்டாரு போட்டுவிட்டேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சுவரோரம் உட்கார்ந்தாள். அன்று அடுப்பு பற்றவைக்கவில்லை.

மறுவாரம் காயலாங்கடைக்காரர் வண்டி பார்க்க வந்தார். சுற்றிச் சுற்றி வந்து கதவைத் தடவினார். வெள்ளைப் பெயிண்டில் ஒரு பொட்டு அழுக்கில்லை.

"முப்பது வருசமா வண்டி ஒடைக்கிறேன். இம்புட்டுச் சுத்தமா ஒண்ணு என் கடைக்கு வந்ததில்லண்ணே. யாரு கழுவுறது?"

"நான்தான்" என்றார் சுந்தரபாண்டி. அதைச் சொல்லி முடித்ததும், அதுவரை அழாத மனுஷன், முன்பின் தெரியாத ஆளுக்கு முன்னால் வெட்கத்தை விட்டு வாய்விட்டு அழுதார்.