நாலாவது கணினி

பள்ளிக்கூடங்கள் பூட்டிக் கிடந்த வருடத்தில்தான் இணுவிலில் எங்கள் வீட்டுக்கு இணைய இணைப்பு வந்தது. அப்போது எனக்குப் பத்து வயது. இணைப்பு ஒன்று, கணினிகள் மூன்று. அப்பாவின் அலுவலக வேலைக்கு ஒன்று, பல்கலைக்கழகத்தில் கணினி படித்த அண்ணைக்கு ஒன்று, என் பாடங்களுக்கு ஒரு பழையது. வைஃபை முன் விறாந்தையைத் தாண்டாது. அதனால் அண்ணை சுன்னாகத்தில் மஞ்சள் கேபிள் வாங்கி வந்தார். அப்பாவின் அறையில் அலுமாரிக்குப் பின்னால் சின்னப் பெட்டியொன்றை வைத்து, அதிலிருந்து அப்பாவின் கணினிக்கும் என்னுடையதற்கும் இணைப்புக் கொடுத்தார்.

சில கிழமைகள் போக, வேகம் குறைந்தது. பாடத்தின் நடுவே ரீச்சரின் முகம் வாய் திறந்தபடி அப்படியே நின்றுவிடும். எங்கள் இணைப்பிலுள்ள கணினிகளின் பட்டியலை அண்ணை திறந்து பார்த்தார். நான்கு இருந்தன.

"ஆரோ எங்கடை லைனைக் களவாப் பாவிக்கினம்," என்றார் மத்தியானச் சாப்பாட்டின்போது.

"சாப்பிட்டிட்டுக் கதை," என்றார் அம்மா. அப்பா சோற்றிலிருந்து தலை நிமிரவில்லை.

அன்றே அண்ணை வைஃபையின் கடவுச்சொல்லை மாற்றினார். செத்தாலும் வெளியில் சொல்லக்கூடாது என்று சொல்லித்தான் எனக்குத் தந்தார். இரண்டு நாளில் நாலாவது கணினி மறுபடி பட்டியலில் நின்றது.

"நீதானே சொன்னனீ?"

"முருகனாணை நான் சொல்லேல்லை!"

அண்ணை நம்பவில்லை. அழுதுகொண்டு அப்பாவிடம் ஓடினேன். அவர் என் தலையைத் தடவி, "அழாதை பிள்ளை," என்றார். அவ்வளவுதான்.

கள்ளனை நானே பிடிப்பது என்று முடிவெடுத்தேன். ஒரு காலை என் கணினியில் இணைப்பு நின்றுவிட, கேபிளை இறுக்கிவிடலாமென்று அலுமாரிக்குப் பின்னால் புகுந்தேன். மஞ்சள் கேபிள்களுக்கு நடுவே ஒரு நீலக் கேபிள். கேபிளுக்குக் கடவுச்சொல் தேவையில்லை. கணினி படித்த அண்ணைக்கு அலுமாரிக்குப் பின்னால் குனிந்து பார்க்கத் தோன்றவில்லை. நீலக் கேபிள் யன்னல் இடுக்கால் வெளியே போய், குரோட்டன் செடிகளுக்குக் கீழாக ஊர்ந்து, தகர வேலிக்கு அடியால் பெரியப்பாவின் வளவுக்குள் நுழைந்தது.

பெரியப்பா அப்பாவின் கூடப்பிறந்த அண்ணை. அந்த வேலியை எங்கள் பக்கம் ஓரடி தள்ளிப் போட்டுவிட்டார் என்று வந்த சண்டையில் அவரும் அப்பாவும் மூன்று வருடமாகக் கதைப்பதில்லை. எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஓடிப்போய் நீலக் கேபிளைப் பிடுங்கினேன்.

ஒரு நிமிடம்கூடச் சென்றிருக்காது.

"தம்பி! எடேய் தம்பி!" வேலிக்கு அப்பால் பெரியப்பா கத்தினார். "லைன் நிண்டு போச்சு! பிள்ளையை இப்பதான் கேள்வி கேக்கினம்!"

பிள்ளை என்றது அவருடைய மகளை. வெளிநாட்டில் படிக்கப் புலமைப்பரிசில் கேட்டிருந்த அந்த அக்காவுக்கு அன்று கணினியில் நேர்முகத் தேர்வு.

கிணற்றடியில் குளித்துக்கொண்டிருந்த அப்பா சவர்க்கார நுரையும் ஈரச் சாரமுமாக ஓடி வந்தார். என் கையிலிருந்த கேபிளை வாங்கிச் செருகிவிட்டு யன்னலுக்குப் போனார்.

"இப்ப பாருங்கோ அண்ணை!"

பெரியப்பா உள்ளே ஓடும் சத்தம் கேட்டது. பிறகு, "ஓம், வந்திட்டுது."

வாசலில் வந்து நின்ற என் அண்ணை, "நீங்களோ அப்பா இழுத்துக் குடுத்தது?" என்றார்.

"ஓம். பிள்ளை வேலிக்கரையிலை வந்து கேட்டவள்."

"அப்ப அண்ணை என்னைப் பேசேக்கை ஏன் சொல்லேல்லை?" என்று கேட்டேன்.

"தம்பி, நிக்கிறியோ?" வேலிக்கு அப்பாலிருந்து மறுபடி குரல் வந்தது.

"ஓம் அண்ணை, நிக்கிறன்."

நேர்முகம் முடியும்வரை அப்பா உடம்பில் நுரை காயக் காய யன்னலடியிலேயே நின்றார். அரை மணித்தியாலம் இருக்கும். கடைசியில், "முடிஞ்சுது தம்பி. நல்லாச் சொன்னவளாம்," என்றார் பெரியப்பா. அக்காவுக்குப் புலமைப்பரிசில் கிடைத்தது பிறகு நடந்த கதை.

அன்று எனக்குக் கோபம் ஆறவில்லை. கேபிளைப் பிடுங்கியதற்கு அடி விழாததும் ஆச்சரியமாக இருந்தது. பெரியப்பா வீட்டுக்குள் போன பிறகும் அப்பா யன்னலை விட்டு வரவில்லை. லைன்தான் வந்துவிட்டதே, இன்னும் எதற்கு அங்கே நிற்கிறார் என்றுதான் நான் நினைத்தேன்.