மலையைப் பார்ப்போம்

வேட்டைக்கு ஒரு வழிகாட்டியைக் கூட்டிக்கொண்டு போ என்று மனைவி நோலா சொன்னதும் மர்டோவுக்குத் தேநீர் புரையேறிவிட்டது.

"வழிகாட்டியா? எனக்கா? டோபின் ஓடையிலயா? அப்படியே கக்கூசுக்கு வழி காட்டவும் ஒரு ஆளைப் போட்டுடேன்!"

"இப்படியே கத்திக்கிட்டிரு, அதுக்கும் ஆள் போட வேண்டி வரும்," என்றாள் நோலா, ரொட்டிக்கு வெண்ணெய் தடவுவதை நிறுத்தாமலே.

அவன் கத்தியதில் நியாயம் இல்லாமல் இல்லை. எங்கள் பள்ளத்தாக்கில் வழிகாட்டி வைத்துக்கொள்கிறவர்கள் விமானம் ஏறி வருகிற வெளிநாட்டுக்காரர்கள்தான். உள்ளூரில் பிறந்தவன் வழிகாட்டியோடு வரையாட்டு வேட்டைக்குப் போனான் என்றால் மதுக்கடையில் ஒரு வருஷத்துக்கு அதுவே பேச்சு. அதிலும் மர்டோ! ஹெலிகாப்டரில் போய் முகட்டில் இறங்கிச் சுடுகிறவர்களைப் பார்த்தால், "உட்கார்ந்துக்கிட்டே வேட்டையாடணும்னா கோழிக்கூண்டுக்குப் போங்கடா" என்று மூஞ்சிக்கு நேராகச் சொல்கிறவன். வாழ்நாள் பூராவும் தன் காலில் ஏறி, தான் சுட்டதைத் தன் முதுகில் சுமந்து இறங்கியவன்.

ஆனால் போன குளிர்காலத்தில் மாரடைப்பு வந்து அவன் இதய நாளத்தில் ஒரு சின்னக் குழாய் வைத்திருந்தார்கள். மெல்ல நடக்கலாம், மூச்சு முட்டினால் உடனே உட்கார வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். குளிர் தொடங்குகிற இந்த மே மாதம், கிடாக்களுக்குப் பிடரிமயிர் அடர்ந்து நிற்கிற நாளில், இன்னும் ஒரே ஒரு தரம் டோபின் ஓடை பிறக்கிற உச்சிக்குப் போய் வர வேண்டும் என்று அவன் ஒற்றைக்காலில் நின்றான். போகாதே என்று சொல்ல நோலாவுக்கு மனம் வரவில்லை. சொன்னாலும் கேட்கிற ஜென்மமா அது? துணையோடு போ, துணை யார் என்பதை நான் சொல்கிறேன் என்றாள். முணுமுணுத்துக்கொண்டே ஒத்துக்கொண்டான்.

நோலா பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். கடலோர ஊரில் பிறந்து, மர்டோவைக் கட்டிக்கொண்டு இங்கே வந்தவள். கல்யாணமான புதிதில் அவன் அவளை டோபின் ஓடைக்குக் கூட்டிப்போனதை இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பாள். ஒவ்வொரு திருப்பத்திலும் அவன் நின்று, "மலையைப் பாரு நோலா, வெயில் எப்படி விழுது பாரு" என்று காட்டினானாம். அடேயப்பா, எவ்வளவு ரசனையான மனுஷன் நமக்கு வாய்த்திருக்கிறான் என்று அவள் பூரித்துப்போனாளாம். அதற்குப் பிறகு அவன் பூவைப் பார்த்தோ நிலாவைப் பார்த்தோ ஒரு வார்த்தை சொன்னதில்லை.

வருஷங்கள் போனபின் அவளுக்கும் எங்கள் ஊர்ப் பாஷை பிடிபட்டது. இங்கே எந்த ஆம்பிளையும் "களைச்சுட்டேன்" என்று சொல்லமாட்டான். கால் ஒடிந்து கிடந்தாலும் "நல்லாத்தான் இருக்கேன்" என்பான். மூச்சு வாங்கினால் நின்று, பைனாகுலரை எடுத்துக் கண்ணில் வைத்து, "கொஞ்சம் மலையைப் பார்ப்போம்" என்பான். எதிரே மொட்டைப் பாறையாக இருக்கும். ஈ காக்கை இருக்காது. பக்கத்தில் நிற்கிறவனும் ஒன்றும் கேட்காமல் அந்தப் பாறையையே பார்ப்பான். அப்படியானால் அன்றைக்கு மர்டோவுக்கும் மூச்சுதான் வாங்கியிருக்கிறது என்று நோலா முடிவு கட்டிக்கொண்டாள். இந்த வீம்பில்தான் போன வருஷம் மர்டோவும் மார்வலியை வயிற்றுவலி என்று சொல்லிச் சாகக் கிடந்தான். பாழாய்ப்போன வீம்பு!

அதனால் நோலா வழிகாட்டிகளிடம் துப்பாக்கியைப் பற்றியோ கொம்பின் நீளத்தைப் பற்றியோ கேட்கவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

முதலில் ட்ரென்ட் வந்தான். வெறுங்கையோடு திரும்பியதே இல்லை என்று பேர் எடுத்தவன். அவள் சுட்டு வைத்த சீஸ் ரோலில் பாதியைத் தின்று தீர்த்தான்.

"அவருக்குக் களைச்சுப்போனா உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டாள் நோலா.

"அவரே சொல்லுவாரே. நான்தான் அடிக்கடி கேட்டுக்கிட்டே இருப்பேனே, எப்படி இருக்கீங்கன்னு. பயப்படாதீங்க நோலா."

இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த பயல், இப்படிச் சொல்கிறான் பாருங்கள்! நோலா அவனுக்கு இன்னொரு சீஸ் ரோல் கொடுத்து வாசல்வரை போய் வழியனுப்பினாள்.

அடுத்து ஹாமிஷ். அவன் மணிக்கட்டில் கட்டுகிற ஒரு கருவியைக் கொண்டுவந்தான். நெஞ்சு துடிப்பதை எண்ணிச் சொல்லுமாம், மிஞ்சினால் கத்துமாம். மர்டோ அதை முதல் ஆற்றிலேயே கழற்றி எறிவான் என்று நோலாவுக்குத் தெரியும். அவனையும் நல்ல வார்த்தை சொல்லி அனுப்பிவிட்டாள்.

கடைசியில் வந்தவள் வைமாரி. மாவோரிப் பெண், நாற்பதைத் தாண்டியவள், அகலமான தோள். காலணியை வாசலிலேயே கழற்றிவிட்டு உள்ளே வந்தாள். நோலா அதே கேள்வியைக் கேட்டதும், தேநீரை ஊதிக்கொண்டே சொன்னாள்.

"மலையைப் பார்ப்போம்னு அங்கிள் சொல்றதுக்கு முன்னாடி நான் சொல்லிடுவேன், ஆன்ட்டி."

நோலாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "நீயே போயிட்டு வாம்மா," என்றாள். "அவனை எனக்குத் திருப்பிக் கொண்டுவந்து கொடு. ஆடு கெடக்குது."

அவர்கள் போனபின் நோலா வழக்கம்போல் பஸ் ஓட்டினாள். பாலம் தாண்டியதும் டோபின் முகடு தெரியும். அந்த இடத்தில் மட்டும் வண்டி தானாக மெதுவாகும். இரண்டாம் நாள் பிள்ளைகளை இறக்கிவிட்டுத் திரும்பும்போது, தலைக்கு மேலே ஒரு ஹெலிகாப்டர் தடதடவென்று போனது. நேரே டோபின் ஓடைப் பக்கம். மர்டோவைத் தூக்கிவரத்தான் போகிறது என்று நினைத்தாள்.

நோலா பஸ்ஸை ஓரங்கட்டினாள். "பாவி, நானே அனுப்பி வைச்சேனே," என்று வாய்விட்டு அழுதாள். போகாதே என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருப்பான், அவ்வளவுதானே என்று தலையில் அடித்துக்கொண்டாள். கொஞ்சநேரத்தில் ஹெலிகாப்டர் ஒரு கட்டு வேலிக்கம்பத்தைத் தொங்கவிட்டுக்கொண்டு திரும்பி வந்து, பக்கத்துப் பண்ணையில் இறக்கியது. நோலா மூக்கைத் துடைத்துக்கொண்டு, அந்த விமானிக்கு நாக்கூசுகிற வசவு ஒன்று கொடுத்துவிட்டு, வண்டியை எடுத்தாள்.

சனிக்கிழமை சாயங்காலம் இரண்டு பேரும் வந்து சேர்ந்தார்கள். வைமாரியின் முதுகில் மலை மாதிரி மூட்டை. மர்டோவின் முதுகில் கொம்பும் பிடரித்தோலும் மட்டும். முகம் கறுத்து, உதடு வெடித்து, பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு நின்றான். நோலா கொம்பைப் பார்க்கவில்லை. அவன் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள், சூடாக இருந்தது.

சாப்பாட்டில் ஆட்டுக்கறியைவிட அவன் பேச்சுதான் அதிகம்.

"பாறை ஓரமா சும்மா உட்கார்ந்திருந்தோம் நோலா. கீழேருந்து கிடா தானா ஏறி வருது! ஒரே குண்டு. அந்தப் பொண்ணு அங்க உட்காரலேன்னா நாங்க பாட்டுக்கு அதைத் தாண்டிப் போயிருப்போம்."

"ஏன் உட்கார்ந்தா?"

மர்டோ குரலைத் தாழ்த்தினான், வைமாரி தன் வீட்டுக்குப் போய் வெகுநேரமாகியிருந்தபோதும். "பாவம், அவளுக்கு மூச்சு ரொம்ப மோசம். நூறு அடிக்கு ஒருக்கா மலையைப் பார்ப்போம்கிறா. முழங்காலும் சரியில்லை போல. நான்தான் அவளுக்காக மெதுவா நடந்தேன். வெளிய சொல்லிடாதே, அவ பொழைப்பு கெட்டுப்போகும்."

நோலா தட்டைக் கழுவுகிற சாக்கில் திரும்பிக்கொண்டாள். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தால் மனுஷி என்னதான் செய்வாள்?

ஞாயிற்றுக்கிழமை காலை. அவர்கள் வீட்டுக் கோழிக்கொட்டகை மேட்டுக்கு மேலே இருக்கிறது. இரண்டு பேரும் தீவன வாளியோடு ஏறினார்கள். பாதி மேட்டில் மர்டோவின் மூச்சுச் சத்தம் நோலாவின் காதில் விழுந்தது. அவள் நின்றாள். வாளியைக் கீழே வைத்து, கையை நெற்றிக்கு மேலே வைத்துக்கொண்டாள்.

"மலையைப் பாரேன் மர்டோ. வெயில் எப்படி விழுது!"

மர்டோ மலையைப் பார்க்கவில்லை. அவளைப் பார்த்தான்.

"அந்தப் பொண்ணு ஒரு ஆடும் இல்லாத பாறையை எத்தனை தடவை பார்த்தான்னு எனக்குத் தெரியாதா? என்னைவிடப் பெரிய மூட்டையைச் சுமந்துக்கிட்டு ஆடு மாதிரி ஏறுறா, அவளுக்கா மூச்சு வாங்கும்?"

"அப்புறம் ஏன்யா ராத்திரி அப்படிச் சொன்னே?"

"நீ பார்த்துப் பார்த்துப் பிடிச்ச ஆளாச்சே. குட்டு உடைஞ்சா உனக்கு வருத்தமா இருக்கும்." அவன் புல்லில் மெல்ல உட்கார்ந்தான். "அதுவும் இல்லாம, அது என்ன எனக்குப் புது வித்தையா? கல்யாணமான புதுசுல உன்னை டோபினுக்குக் கூட்டிட்டுப் போனேனே. முதல் திருப்பத்துலயே மூச்சுத் திணறி, தக்காளிப்பழமா செவந்து நின்னே. வீம்புக்கு ஒரு வார்த்தை சொல்லலை. அன்னிக்கு நான் எத்தனை மலையைப் பார்த்தேன், ஞாபகம் இருக்கா?"

நோலா அவன் தோளில் ஒரு தட்டுத் தட்டினாள். இத்தனை வருஷமாக யார் யாரிடமெல்லாம் அந்தக் கதையைச் சொல்லிச் சிரித்திருக்கிறாள்!

"கடங்காரா," என்றாள். அவள் கன்னத்தில் நீர் வழிந்தது. "ரசனையுள்ள மனுஷன்னு நம்பிட்டேனே."

"மலை எங்கயும் போகாது. எனக்கு முடியலை நோலா, மூச்சு வாங்குது. கொஞ்சம் இப்படி உட்காரு."

அந்த வார்த்தையை அவன் வாயிலிருந்து அவள் கேட்பது அதுதான் முதல் தடவை. அவள் அவன் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டாள். மேலே கொட்டகையில் கோழிகள் பசியில் கூப்பாடு போட்டுக்கொண்டிருந்தன.