மதுரை வரை போகாத ஞாயிறுகள்

அந்த யோசனை எனக்கு வந்தது பேருந்தில். மதுரை ஆஸ்பத்திரியில் தீக்காயக் கட்டைப் பிரித்துவிட்டு மதினியும் நானும் சிவகாசிக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். முன் இருக்கைக் குழந்தை ஒன்று திரும்பி மதினியின் முகத்தையே பார்த்தது. அழவெல்லாம் இல்லை, சும்மா பார்த்தது. அதன் அம்மாதான் முந்தானையை இழுத்துப் பிள்ளையின் கண்ணை மூடினாள். மதினி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கப்பலூர் சுங்கச்சாவடியில் எங்களுக்குப் பக்கத்தில் ஒரு சிவப்புக் கார் வந்து நின்றது. கறுப்பு நம்பர் பிளேட்டில் மஞ்சள் எழுத்து. வாடகைக்கு எடுத்து நாமே ஓட்டிக்கொள்ளும் வண்டி. உள்ளே இரண்டு பெண்கள் எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களை யாரும் பார்க்கவில்லை. எனக்கு அங்கேயே முடிவாகிவிட்டது.

"மதினி, இனி பஸ் வேண்டாம். நான் காரு எடுக்கேன்."

"ஆமா, ஏரோப்பிளேனா எடு."

மதினி என் அண்ணன் மனைவி. எங்கள் ஊரான தாயில்பட்டிக்குப் பக்கத்துப் பட்டாசு ஆபீஸில் வேலை பார்த்தாள். ஆபீஸ் என்று எங்கள் பக்கம் சொல்வது தொழிற்சாலையைத்தான். வெடிக்கு மருந்து அடைக்கும் அறையில் தீப்பிடித்தபோது உள்ளே இருந்த இரண்டு பெண்களும் இறந்துபோனார்கள். மதினி வாசலில் நின்றாள். அதனால் பிழைத்தாள். இடது கன்னம் போயிற்று. வலக்கையில் தோல் ஆறிக்கொண்டே வரும்போது விரல்களை உள்ளே இழுத்துக்கொண்டது. இன்னொரு அறுவைச் சிகிச்சை செய்தால் விரல்களை நிமிர்த்தலாம், ஆனால் தள்ளிப்போடக் கூடாது, தோல் இறுகிவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மதினி மாட்டேன் என்றுவிட்டாள். மதுரைக்கே இனி வரமாட்டாளாம்.

அண்ணன் லோடு லாரியோடு வடக்கே எங்கேயோ இருந்தான். "நீ சொன்னா கேப்பா, நீ பேசு," என்று போனில் சொல்லிவிட்டு வைத்துவிட்டான்.

பேசுவதைவிட எனக்கு ஓட்டுவது நன்றாக வரும். எனக்கு வேலையும் மதுரையில்தான். ஞாயிறு விடிந்ததும் வண்டி எடுத்தால் இரவுக்குள் திருப்பிக் கொடுத்துவிடலாம். ஆட்கள் பார்ப்பதுதான் மதினிக்குப் பயம் என்று நினைத்தேன். ஆகவே முதலில் ஆளில்லாத இடம், அப்புறம் கொஞ்சம் ஆள் உள்ள இடம், அப்புறம் மதுரை. வரைபடத்தில் வட்டம்கூடப் போட்டுவைத்தேன். அவ்வளவு நம்பிக்கை!

முதல் ஞாயிறு ஆனைக்குட்டம். அணையில் தண்ணீர் அடியில் கிடந்தது. சேற்றில் கொக்குகள் நின்றன. காருக்குள்ளேயே எலுமிச்சைச் சோறு சாப்பிட்டோம். நான் கரையோரம் வண்டியைத் திருப்பிய வேகத்தில் தூக்குவாளி உருண்டது.

"நீ ஓட்டுறதுக்கு பட்டாசு ஆபீஸே தேவல புள்ள," என்றாள்.

சம்பவத்துக்குப் பிறகு ஆபீஸை வைத்து அவள் சொன்ன முதல் கிண்டல். இடக்கையால் கதவைத் திறந்து ஒரு காலை வெளியே நீட்டினாள். கொஞ்ச நேரம் வெயிலில் வைத்திருந்துவிட்டு உள்ளே எடுத்துக்கொண்டாள். அன்றைக்கு அவ்வளவுதான். எனக்கு அது போதும் என்றிருந்தது.

அடுத்த ஞாயிறு காரியாபட்டி. ஊரை விட்டு வெளியேற ஒரே சாலைதான். அதன் ஓரத்தில், தீயில் இறந்த இருவரின் கண்ணீர் அஞ்சலி பேனர் இன்னும் கட்டியிருந்தது. வெயிலில் முகங்கள் நீலமாக வெளுத்திருந்தன. நான் வேகம் கூட்டினேன். "மெல்லப் போ," என்றாள் மதினி. தாண்டும்வரை அவள் பேனரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

மாசி வெயில், காற்றில் துளி ஈரமில்லை. நான் ஏசியை முழுதாக வைத்திருந்தேன். இருக்கைகளுக்குப் பளபளவென்று நைலான் உறை. மல்லாங்கிணறு தாண்டிக் காரியாபட்டியை நெருங்கும்போது ரோட்டோர டீக்கடை ஒன்றில் நிறுத்தினேன். பெஞ்சில் நாலைந்து பேர் இருந்தார்கள்.

"இறங்குறேன்," என்றாள் மதினி, தானாகவே.

இருக்கையில் உரசியபடி நகர்ந்து, காலை ஊன்றி, கதவை மூட இடக்கையை வைத்தாள். சட்டென்று ஒரு பொறி. காரில் இறங்குகிற யாருக்கும் வருவதுதான். கையை உதறிக்கொண்டு போய்விடுவோம். மதினி ஓடினாள். செருப்பு காருக்குப் பக்கத்திலேயே கிடந்தது. ரோட்டைத் தாண்டி, பருத்தி எடுத்து முடித்த காட்டுக்குள், திரும்பிப் பார்க்காமல் ஓடினாள். பட்டாசு வேலைக்குச் சேரும் முதல் நாளே அதைத்தான் சொல்லித் தருவார்கள்: பொறியைக் கண்டால் ஓடு, கூட இருப்பவளைக் கூப்பிட நிற்காதே.

"என்னம்மா, பாம்பா?" என்றார் பெஞ்சில் இருந்த ஒருவர்.

தாயில்பட்டியாக இருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். கூடவே ஓடியிருப்பார்கள்.

வேலிக்கருவை நிழலில் குத்தவைத்திருந்தாள். மூச்சு இரைத்தது. நான் போன வேகத்தில் விளக்கம் சொல்ல ஆரம்பித்தேன். "ஒண்ணுமில்ல மதினி. சேலையும் சீட்டும் உரசி கரண்டு சேந்துக்கிடும். இரும்பத் தொட்டா…"

"எனக்குத் தெரியாதா?"

நிறுத்திக்கொண்டேன்.

"மருந்து ரூமு வாசல்ல செம்புத் தகடு அடிச்சிருப்பாக. அதத் தொட்டுட்டுத்தான் உள்ள போவணும். ஒடம்புல இருக்க கரண்டு மண்ணுக்குப் போயிரும்." மண்ணைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "அன்னைக்குத் தண்ணி குடிச்சிட்டு வந்தேன். வாசப்படில கால வச்சேன். அம்புட்டுதான் தெரியும். தகட்டத் தொட்டேனா, தொடலையா, ஞாபகமே வரல புள்ள. ராத்திரியெல்லாம் யோசிக்கேன். வரல."

"யாரு கேட்டாலும் சொல்ல முடியாது மதினி. உள்ள என்ன நடந்துச்சோ."

"அதான். உள்ள இருந்தவளுக ரெண்டு பேரும் போயிட்டாளுக. இந்தக் கை மட்டும் நிமிந்து என்ன செய்யப் போகுது? கெடக்கட்டும்."

அவள் மதுரைக்கு வர மறுத்ததற்குப் பேருந்தும் காரணமில்லை, பார்ப்பவர்களும் காரணமில்லை. இதுதான் காரணம். என் வட்டங்களில் எதிலும் இது இல்லை. நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

டீக்கடைக்காரம்மா மதினியின் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தார். நேராக முகத்தைப் பார்த்தார். கண்ணைத் திருப்பவில்லை.

"சிவகாசிப் பக்கமா?"

"தாயில்பட்டி," என்றாள் மதினி.

"எம்மகளும் அங்கனதான் ஒரு ஆபீஸுக்குப் போறா. விடியுமுன்ன வேன் வந்துரும்."

மதினி நிமிர்ந்தாள். "என்ன வேல?"

"இப்ப திரி கட்டுறா. அடுத்த வாரம் மருந்து ரூமுக்கு மாத்துறேன்னுருக்காக. சம்பளம் கூடவாம்."

"அனுப்பாதீக."

"சொன்னா கேக்குற வயசா அது?"

"அப்பம் இதையாவது சொல்லுங்க. வாசல்ல தகடு இருக்கும். தண்ணி குடிக்கப் போனாலும் சரி, ஒண்ணுக்குப் போனாலும் சரி, திரும்ப வரும்போது இப்படித் தொட்டுட்டுத்தான்…"

இத்தனை மாதமாகச் சேலைக்குள் இருந்த வலக்கை வெளியே வந்து, கருவை மரத்தூரைத் தொட்டுக் காட்டியது. விரல்கள் படவில்லை. மடங்கிய முட்டிதான் பட்டது. மதினி இன்னொரு முறை வைத்துப் பார்த்தாள். அப்போதும் முட்டிதான். அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இப்படி இல்ல. உள்ளங்கை படணும்," என்றாள், யாரிடமோ சொல்வதுபோல.

"டீ ஆறிரும், வாங்க," என்றார் அந்த அம்மா.

மதினி பெஞ்சில் உட்கார்ந்து இடக்கையால் குடித்தாள். பெஞ்சுக்காரர்கள் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்றில்லை, அவள் கவனிக்கவே இல்லை.

விருதுநகர் வழியாகத் திரும்பினோம். ஏசியை அணைத்து ஜன்னல்களை இறக்கிவிட்டிருந்தேன். அனல் அடித்தது. பேனரைத் தாண்டிய பிறகு மதினி கேட்டாள்.

"வார ஞாயித்துக்கெழமையும் காரு கெடைக்குமா?"

"கெடைக்கும்."

"ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும்தான். இறங்கச் சொல்லக் கூடாது. ஆபரேசன்னு நீ வாயத் தொறந்தன்னு வையி, பஸ் ஏறி வந்துருவேன்."

பேருந்தைக் காட்டி என்னையே மிரட்டுகிறாள்! சரி என்றேன்.

ஞாயிறுக்கு வண்டி சொல்லிவிட்டேன். அண்ணனின் பழைய பருத்தி வேட்டிகள் இரண்டை எடுத்து வைத்திருக்கிறேன், நைலான் உறைமேல் விரிக்க. ஏசி போடப்போவதில்லை. இருக்கையில் இருக்கும்போதே கதவின் இரும்பைப் பிடித்து, பிடித்தபடியே காலை ஊன்றினால் பொறி வராது. அதைத் தாயில்பட்டியிலேயே இரண்டு மூன்று தடவை ஏறி இறங்கிப் பழகிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். ஆஸ்பத்திரி வாசலில் அவள் இறங்குவாளா, தெரியாது. கப்பலூர் தாண்டி அந்த வாசல் வரை நான் வாயை மூடிக்கொண்டு ஓட்ட வேண்டும். அதுதான் எனக்குப் பழக்கமில்லாத வேலை.