பல்லைக் காட்டப் போன நாள்

நான் வவுனியாவில் வேலை செய்கிறேன். சனிக்கிழமைகளில் பஸ் ஏறி உருத்திரபுரத்துக்குப் போய் அப்பா அம்மாவைப் பார்த்துவிட்டு வருவேன். முந்தின வருடம், சிறுபோக நெல் விதைப்புக்கு முன் ஒரு நாள், அப்பா பாணைத் தேத்தண்ணீரில் தோய்த்து விழுங்குவதைக் கண்டேன். இறைச்சிக் கறி என்றால் எலும்பையும் கடித்துத் தின்கிற மனிதர். வலது கன்னம் சற்று வீங்கியிருந்தது.

"எத்தினை நாளாப் பல்லுக்கொதி?"

"அது சும்மா. பல்லுக்கை கராம்பு வைச்சிருக்கிறன். விதைப்பு முடியட்டும், போறன்."

விதைப்பு முடிந்தது. பசளை போட வேண்டும் என்றார். பிறகு அரிவு வெட்டி நெல் வீட்டுக்கு வரட்டும் என்றார். நீரிழிவு உள்ளவர் இப்படி விடக்கூடாது என்று நான் ஒவ்வொரு கிழமையும் சண்டை பிடித்தேன். அவர் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வாய்க்கால் பக்கம் போய்விடுவார்.

ஒருநாள் அவர் போனதும் அம்மா குசினியில் வைத்துச் சொன்னார்:

"அவரை ஏசாதை பிள்ளை. யுத்தத்துக்கை இடம்பெயர்ந்து திரியேக்கை, மருந்து ஒண்டும் இல்லாத நேரம், விறைக்கிற ஊசி போடாமல்தான் அவருக்கு ஒரு பல்லுப் பிடுங்கினது. நான்தான் தலையைப் பிடிச்சுக்கொண்டு நிண்டனான். அந்தச் சத்தம் இப்பவும் காதுக்குள்ள நிக்குது."

அப்போது நான் சிறுபிள்ளை. எனக்கு அது தெரியாது. இத்தனை மாதமும் அப்பாவைப் பிடிவாதக்காரர் என்றே நினைத்திருந்தேன்.

அடுத்த சனிக்கிழமை சண்டை பிடிக்கவில்லை. வரம்பில் அவருக்குப் பக்கத்தில் இருந்தேன்.

"இப்ப ஊசி இருக்கு அப்பா. டொக்டரிட்டை நான் முதலே சொல்லிவைக்கிறன். அவா உங்களைக் கேளாமல் ஒண்டும் செய்யமாட்டா."

"கொம்மாவும் வரட்டும்" என்றார்.

பல் வைத்தியர் இளம் பெண். அவருடைய அறைக்குள் போனதும் அப்பா அந்தச் சாய்வுக் கதிரைக்கு முன்னால் அப்படியே நின்றுவிட்டார். அம்மா செருப்பைக் கழற்றினார்.

"இஞ்சேருங்கோ, முதல் நான் ஏறுறன். பாருங்கோ, ஒண்டும் செய்யாது."

வைத்தியர் விளக்கைத் திருப்பி அம்மாவின் வாயைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

"அம்மா, உங்களுக்கு நோகேல்லையோ? மூண்டு பல்லு ஆடுது. பல்லைப் பிடிச்சிருக்கிற முரசும் நல்லாப் பழுதாய்ப் போச்சு."

"நோகுதுதான். முதல் இவற்றை பல்லு வேலை முடியட்டும் எண்டு இருந்தனான்" என்றார் அம்மா.

அப்பா அம்மாவையே பார்த்தார். அந்த வீட்டில் எத்தனை சனிக்கிழமை சாப்பிட்டிருப்பேன்! அப்பாவின் தட்டை மட்டுமே கவனித்திருக்கிறேன். அம்மா எங்களுக்குப் பரிமாறிவிட்டுப் பிறகு தனியே சாப்பிடுவதை அவருடைய வழக்கம் என்று விட்டுவிட்டேன்.

இரத்தத்தில் சீனியைச் சோதித்து, வீக்கத்துக்கு மருந்து தந்து, மறுகிழமை அப்பாவின் பல்லைப் பிடுங்கினார்கள். "முடிஞ்சுதோ? முடிஞ்சுதோ?" என்று அப்பா இரண்டு தரம் கேட்டார். அவரால் நம்ப முடியவில்லை.

அம்மாவுக்கு மூன்று பல்லும் போயின. ஒரு வருடம் முந்தி வந்திருந்தால் இரண்டையாவது காப்பாற்றியிருக்கலாம் என்று வைத்தியர் சொன்னார். அதற்கு யாரோடு சண்டை பிடிப்பதென்று எனக்குத் தெரியவில்லை.

இப்போது ஆறு மாதத்துக்கு ஒருதரம் இருவரும் ஒன்றாகப் போய்க் காட்டிவிட்டு வருகிறார்கள். திகதியை ஞாபகம் வைத்திருப்பது அப்பாதான்.