மாமாவுக்குத் தெரிந்த பாதி மந்திரம்

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் பங்குக் கோயிலின் வாட்ஸப் குழுவில் ஓர் ஓலை வந்தது. ஓலை என்றதும் பனைமரத்தைத் தேடாதீர்கள். கத்தோலிக்கக் கோயிலில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு, பூசை முடிகிற நேரத்தில், இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் சாமியாரிடம் சொல்லுங்கள் என்று வாசிப்பார்களே, அதைத்தான் எங்கள் பக்கம் ஓலை என்போம். இப்போது அது மாப்பிள்ளை, பெண் படத்தோடு போனுக்கே வந்துவிடுகிறது. ‘தடை இருந்தால் தெரிவிக்கவும்’ என்ற வரிக்குக் கீழே வரிசையாக நாற்பது கட்டைவிரல்கள். இத்தனை பேரும் தடை இருக்கிறது என்கிறார்களா, இல்லை என்கிறார்களா என்று நான் கொஞ்ச நேரம் யோசித்துக்கொண்டிருந்தேன்.

கட்டைவிரல் என்றால் எனக்குச் செபஸ்தியான் மாமாவின் கட்டைவிரல்தான். அம்மாவின் தம்பி. மானகிரிப் பக்கம் டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்தார். அவர் கல்யாணத்தின்போது நான் ஐந்தாம் வகுப்பு. என் ஜெபப் புத்தகத்தில் பன்னிரண்டு நாள் அவர் விரல் வைத்து வைத்து, பக்கத்துக்குப் பக்கம் கறுப்பாகக் கிரீஸ் ரேகை. முகர்ந்தால் விசுவாசப் பிரமாணத்தில் டீசல் வாடை அடிக்கும்.

மாமாவுக்குப் படிக்கத் தெரியாது. அவர் புத்தகத்தில் விரல் வைத்தது எனக்கு மரியாதைக்காக. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போய் நிலைத்த முதல் ஆள் நான். மருந்துச் சீட்டு, கரண்ட் பில், பஸ் பலகை எல்லாவற்றுக்கும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். அந்த வயதில் எனக்கு இருந்த தலைக்கனம், இன்று கணக்கு டீச்சராக இருக்கும்போதுகூட இல்லை. சரி, கொஞ்சம் இருக்கிறது.

அப்போதெல்லாம் ஓலை வாசித்தால் மட்டும் போதாது. மாப்பிள்ளையும் பெண்ணும் சாமியாரிடம் மந்திரம் ஒப்பிக்க வேண்டும். பரலோக மந்திரம், மங்கள வார்த்தை என்கிற மரியன்னை ஜெபம், விசுவாசப் பிரமாணம். விசுவாசம் என்னவென்று தெரியாதவன் பெண்டாட்டிக்கு என்ன விசுவாசமாக இருந்துவிடப் போகிறான் என்பது எங்கள் சாமியாரின் கட்சி. முதல் ஓலை வாசித்த மறுநாள் மாமாவைக் கூப்பிட்டார். அம்மாவும் நானும் துணைக்குப் போனோம்.

“பரலோக மந்திரம் சொல்லுப்பா.”

மாமா கையைக் கட்டிக்கொண்டு, கண்ணை மூடி, “எங்கள் அன்றாட உணவை…” என்று தொடங்கினார்.

“அதுக்கு முன்னாடி?”

“அத முன்னுக்க நிக்கிறவுக சொல்லுவாக சாமி.”

சாமியாருக்கு ஒரு நிமிடம் புரியவில்லை. எனக்குப் புரிந்துவிட்டது. எங்கள் ஊரில் ஜெபமாலை சொல்லும்போது ஒருவர் முன்பாதியைச் சொல்ல, மற்றவர்கள் பின்பாதியைச் சொல்வார்கள். மாமா இருபத்தேழு வருடமாகக் கோயிலில் கடைசி வரிசை. பின்பாதியிலேயே வாழ்ந்துவிட்ட மனிதர். எல்லா மந்திரத்துக்கும் முடிவு தெரியும். ஒன்றுக்கும் தொடக்கம் தெரியாது.

“மூணாவது ஓலைக்கு முன்னால மூணும் முழுசா வரணும். இல்லேன்னா ஓலை கிடையாது. உயிர்ப்பு ஞாயிறு கழிச்சுப் பாத்துக்கலாம்” என்று சொல்லிவிட்டார்.

சாம்பல் புதனுக்கு முந்தின திங்கட்கிழமை கல்யாணம். அந்த நாளைத் தவறவிட்டால் தவக்காலம் வந்துவிடும். உயிர்ப்பு ஞாயிறான ஈஸ்டர் வரை தாலி கட்ட மாட்டார்கள். செக்காலைச் சொந்தங்கள் வரைக்கும் பத்திரிகை கொடுத்தாகிவிட்டது. போதாததற்கு, பாதி மந்திரக் கதை கண்டனூர் வரை போய், பெண்ணைப் பெற்றவர், “வேதம் தெரியாத பயலுக்கா கொடுக்கப் போறோம்?” என்று யாரிடமோ கேட்டதாகச் செய்தி வந்தது. மாமா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. நிச்சயத்தன்று ஒருமுறை பார்த்த பெண் ரீத்தாவை அவருக்கு அவ்வளவு பிடித்துப்போயிருந்தது. டிராக்டரில் ஏற்கெனவே ஆர் என்ற எழுத்தை யாரையோ விட்டு எழுதவைத்திருந்தார். எங்கள் குடும்பத்தில் ஆர் எழுத்தில் ஒரு மாடுகூடக் கிடையாது.

வாத்தியார் வேலையை நான் எடுத்துக்கொண்டேன். பள்ளி விட்டதும் டிராக்டரின் மட்கார்டில் உட்கார்ந்து பாடம். நான் ஒரு வரி சொல்ல, மாமா அடுத்த வரி சொல்வார். தப்பினால் தலையில் குட்டு. அது வாத்தியாருக்கு உள்ள உரிமை.

“மெதுவாக் குட்டு தாயி, வலிக்குது.”

“படிக்கிற நேரத்துல என்ன மாமா பேச்சு?”

பன்னிரண்டு நாளில் மூன்று மந்திரமும் தடங்கலில்லாமல் ஓடியது. அம்மாவிடம் மாமா பாஸ் என்று அறிவித்தேன். ஒவ்வொரு வரியையும் தொடங்கிக் கொடுத்தது நான் என்பது அந்தப் பெரிய படிப்பாளியின் மூளைக்கு எட்டவே இல்லை.

சனிக்கிழமை, சாமியார் வீட்டு வராந்தா. ரீத்தாவும் அவர் அப்பாவும் வந்திருந்தார்கள். பெண் ஊருக்கும் எங்கள் ஊருக்கும் ஒரே பங்குக் கோயில். ரீத்தா மூன்று மந்திரத்தையும் மூச்சுவிடாமல் சொல்லி முடித்தார். அவர்கள் தெருவில் தினமும் ஜெபமாலை தொடங்குகிறவர் அவர்தான். அடுத்து மாமா. நான் பின்னால் நின்று வாயசைத்ததைச் சாமியார் பார்த்துவிட்டார்.

“நீ அங்குட்டுப் போய் நில்லு.”

வேப்பமரத்தடிக்குப் போனேன். மாமா நின்றார். முதல் சொல்லுக்காக வேப்பமரத்தடியைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார். ரீத்தாவின் அப்பா தொண்டையைச் செருமினார். சாமியார் பேனாவை மூடினார்.

அப்போதுதான் வராந்தாவின் அந்தக் கோடியிலிருந்து, “அருள் நிறைந்த மரியே வாழ்க…” என்று ஒரு குரல் கேட்டது. மெதுவாக, தெருவில் தொடங்குகிற அதே ராகத்தில். முன்பாதி முடிந்ததும் மாமா, பஸ் ஹாரன் மாதிரி, “தூய மரியே, இறைவனின் தாயே” என்று பின்பாதியைப் பிடித்துக்கொண்டார். புறா பறந்தது. ஒரு சொல் தவறவில்லை.

“நீ ஏம்மா சொல்ற? பரீட்சை அவனுக்கு.”

ரீத்தா எழுந்து முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டார். “அவுகளுக்கு எடுக்கத்தான் வராது சாமி. முடிக்க வரும்.”

“கல்யாணத்துக்கு அப்புறம்?”

“நான்தானே சாமி எடுக்கப் போறேன்? ஏழு மணிக்கு டாண்ணு. நீங்க வேணும்னா வந்து கேட்டுக்கங்க.”

சாமியார் மாமாவைப் பார்த்தார். “தினமும் முடிப்பியா?”

“சாகுற வரைக்கும் முடிப்பேன் சாமி.”

இவர் எதை முடிப்பதாகச் சொல்கிறார் என்று ரீத்தாவின் அப்பா திகைத்துப் பார்த்தார். சாமியார் சிரிப்பை மீசைக்குள் வைத்துக்கொண்டு, மற்ற இரண்டையும் அப்படியே இருவரையும் சொல்லவைத்தார். பிறகு பேனாவைத் திறந்து ஓலையில் கையெழுத்துப் போட்டார். எனக்குத்தான் பொறுக்கவில்லை. பன்னிரண்டு நாள் உழைப்பு ஒருவர் கண்ணிலும் படவில்லையே! ஓடி வந்து, “சாமி, எனக்கு மூணுமே முழுசாத் தெரியும்” என்றேன்.

“உனக்கா கல்யாணம்?” என்றார்.

திங்கட்கிழமை கல்யாணம் நடந்தது. மாமாவும் ரீத்தா அத்தையும் சொன்ன சொல் தவறவில்லை. ஏழு மணிக்கு அந்தத் தெருவில் போனால் அத்தையின் முன்பாதியும் மாமாவின் பின்பாதியும் வாசல் வரை கேட்கும். சண்டை போட்ட நாளில் மாமா வாயைத் திறக்க மாட்டார். அத்தை இரண்டு பாதியையும் தானே சொல்வார். பின்பாதியைக் கொஞ்சம் கூடுதல் சத்தமாக. “இன்னைக்கு ரீத்தா தனியாச் சொல்லுது, என்னான்னு போய்க் கேளுங்கடி” என்று எதிர்வீட்டில் அடுப்பை அணைத்துவிட்டுக் கிளம்புவார்கள். ஜெபமாலையின் நாலாவது மணியிலோ ஐந்தாவது மணியிலோ மாமாவின் குரல் முனகலாகச் சேர்ந்துகொள்ளும். கிளம்பியவர்கள் ஏமாற்றத்தோடு திரும்பி வந்து அடுப்பைப் பற்றவைப்பார்கள்.

இப்போது மந்திரம் கேட்கிற சாமியாரும் இல்லை, அந்த வராந்தாவும் இல்லை. மூன்று நாள் வகுப்பு, ஒரு சான்றிதழ், அவ்வளவுதான். மாமா வீட்டிலும் ஏழு மணிக்கு அத்தை போனில் ஜெபமாலையைப் போட்டு டிவி பக்கத்தில் சாய்த்து வைத்துவிடுகிறார். முகம் தெரியாத ஒரு பெண் முன்பாதியைச் சொல்ல, முகம் தெரியாத ஒரு கூட்டம் பின்பாதியைச் சொல்கிறது. இவர்கள் இருவரும் பேசாமல் மணியை உருட்டுகிறார்கள். வாசலில் நின்று எவ்வளவு காதைத் தீட்டினாலும், உள்ளே சண்டையா சமாதானமா என்று தெருவில் ஒருவருக்கும் தெரிவதில்லை.